ஆன்ஃபீல்டில் ஒரு நாற்காலியின் விலை

லிவர்பூல் ரசிகன் என்று சொன்னாலே எங்கள் வகுப்பில் முதலில் ஒரு சிரிப்பு சிரிப்பார்கள். அப்புறம் நான் "2005, இஸ்தான்புல்..." என்று ஆரம்பிப்பதற்குள் எழுந்து கேன்டீனுக்குப் போய்விடுவார்கள். பயப்படாதீர்கள் மக்களே, இன்றைக்கு இஸ்தான்புல் கிடையாது. கோலும் கிடையாது, கோப்பையும் கிடையாது. இன்றைக்கு வெறும் கட்டடம்தான். ஆன்ஃபீல்டு ஸ்டேடியத்தை எப்படிப் பெரிதாக்கினார்கள் என்கிற கதை. கூடவே கொஞ்சம் காஸ்ட் அக்கவுண்டிங்கும் வரும். (ஓடாதீர்கள் ப்ளீஸ், சமன்பாடு எதுவும் இல்லை. வகுத்தல் மட்டும்தான்.)

ஏன் திடீரென்று இது என்றால், பி.காமில் எங்களுக்கு மூலதனத் திட்டமிடல் என்று ஒரு யூனிட் உண்டு. நிஜமாக நடந்த ஒரு முதலீட்டை எடுத்து, அது லாபமா நட்டமா என்று அலசி செமினார் கொடுங்கள் என்றார் மேடம். ஆளாளுக்கு சிமெண்ட் ஆலை, மெட்ரோ ரயில் என்று எடுத்தார்கள். நான் லிவர்பூல் 2016ல் கட்டி முடித்த புது மெயின் ஸ்டாண்டை எடுத்தேன். இருபது நிமிட செமினாருக்குத் தேவையான எண்கள் ஒரே ராத்திரியில் கிடைத்துவிட்டன. ஆனால் படிக்கப் படிக்க எண்களுக்குள் அடங்காத ஒரு தெரு குறுக்கே வந்து நின்றது. அந்தத் தெருவைப் பற்றி செமினாரில் சொல்ல நேரமில்லை. இங்கே நிறைய நேரம் இருக்கிறது :-)

முதலில் கொஞ்சம் பழங்கதை. ஆன்ஃபீல்டு 1884ல் திறந்த மைதானம். அதில் முதலில் ஆடியது லிவர்பூல் இல்லை, எவர்ட்டன்! 1890-91 சீசனில் எவர்ட்டன் லீக் பட்டம் வாங்கியதே ஆன்ஃபீல்டில் இருந்தபோதுதான். அப்புறம் வாடகைத் தகராறு. ஜான் ஹோல்டிங் என்று ஒரு பீர் ஆலை முதலாளி. வாடகை விஷயத்தில் அவருக்கும் கிளப் ஆட்களுக்கும் முட்டிக்கொண்டது. 1892ல் எவர்ட்டன் மூட்டை முடிச்சைக் கட்டிக்கொண்டு ஸ்டான்லி பார்க்குக்கு அந்தப் பக்கம் இருந்த குடிசன் பார்க்குக்குப் போய்விட்டது. ஹோல்டிங் கையில் மைதானம் இருக்கிறது, ஆட ஆள் இல்லை. மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? புதிதாக ஒரு கிளப்பையே ஆரம்பித்துவிட்டார். அதுதான் லிவர்பூல். காலி வீட்டுக்கு வாடகைக்கு ஆள் தேடாமல், குடியிருக்க ஒரு குடும்பத்தையே உண்டாக்கிய ஹவுஸ் ஓனர் உலகத்திலேயே இவர் ஒருவராகத்தான் இருக்கும்.

மைதானத்தின் ஒரு பக்கம் இருக்கும் 'கொப்' பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1906ல் எழுப்பிய நிற்கும் மேடை அது. 1900ல் தென்னாப்பிரிக்காவில் போயர் போரின்போது ஸ்பியன் கொப் என்கிற குன்றில் நடந்த சண்டையில் லங்காஷயர் படைப்பிரிவுகளைச் சேர்ந்த நிறையப் பேர் செத்துப்போனார்கள். அந்தக் குன்றின் பெயரைத்தான் வைத்தார்கள். 1928ல் கூரை போட்டார்கள். ஒரு காலத்தில் கொப்பில் மட்டும் 25,000 பேருக்கு மேல் நின்று பார்த்திருக்கிறார்கள். ஆன்ஃபீல்டின் சாதனைக் கூட்டம் 61,905 பேர். 1952 பிப்ரவரியில் உல்வ்ஸுக்கு எதிரான எஃப்.ஏ. கோப்பை ஆட்டம் அது.

1989 ஏப்ரல் 15 ஹில்ஸ்பரோ. ஷெஃபீல்டு நகரத்து மைதானத்தில் நெரிசலில் சிக்கிய லிவர்பூல் ரசிகர்களில் 97 பேர் இறந்தார்கள் (97வது மரணம் 2021ல்). அதற்குப் பிறகு வந்த டெய்லர் அறிக்கை, பெரிய மைதானங்களில் நிற்கும் மேடைகளை எடுத்துவிட்டு நாற்காலி போடச் சொன்னது. 1994ல் கொப்பும் நாற்காலிக்கு மாறியது. நின்றவர்களில் பாதிப் பேருக்குக்கூட இடம் இல்லாமல் 12,000 சொச்சமாகச் சுருங்கியது. மொத்த ஆன்ஃபீல்டும் 45,000ல் வந்து நின்றது. இதில் குறை சொல்ல ஒன்றுமே இல்லை, உயிர் முக்கியம். ஆனால் கிளப்பின் கணக்குப் பிள்ளைக்கு அன்றைக்கே தலைவலி ஆரம்பித்துவிட்டது. 2006ல் மான்செஸ்டர் யுனைட்டெட்டின் ஓல்டு டிராஃபோர்டில் 76,000 நாற்காலி, அர்செனலின் புது மைதானத்தில் 60,000. அவர்களோடு ஒரே லீக்கில் ஓட வேண்டிய கடையில் பாதி ஷட்டர் மூடியே இருந்தால் எப்படி?

ஆன்ஃபீல்டைப் பெரிதாக்க என்ன தடை? போட்டோவை மேலிருந்து பார்த்தால் புரியும். ஸ்டாண்டின் முதுகிலேயே வீட்டு வரிசை. நம் ஊர் அக்ரஹாரம் மாதிரி சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள், பெரும்பாலும் விக்டோரியா காலத்துச் செங்கல் வீடுகள். ஸ்டாண்டு ஒரு அடி பின்னால் போக வேண்டுமென்றால் யாருடைய கொல்லைப்புறத்திலாவதுதான் கால் வைக்க வேண்டும்.

இது புதுப் பிரச்சினையும் இல்லை. எதிர்ப்பக்கம் கெம்லின் ரோடு என்று ஒரு தெரு இருந்தது. அங்கே ஸ்டாண்டைப் பெரிதாக்க கிளப் ஒவ்வொரு வீடாக வாங்கியது. எல்லோரும் விற்றுவிட்டார்கள், இரண்டு வயதான சகோதரிகளைத் தவிர. சுற்றிலும் காலியாகிவிட்ட தெருவில் அவர்கள் வீடு மட்டும் ஆண்டுக்கணக்கில் நின்றது. கடைசியில் 1990ல் சம்மதித்தார்கள். 1992ல் இரண்டு அடுக்கு ஸ்டாண்டு திறந்தது. இப்போது அதன் பெயர் சர் கென்னி டால்கிளிஷ் ஸ்டாண்டு. கெம்லின் ரோடு என்கிற தெரு இப்போது இல்லை.

வாங்குவது மட்டும் சிக்கல் இல்லை, வெளிச்சமும் சிக்கல். இங்கிலாந்தில் ஒரு சன்னல் வழியே 20 ஆண்டு தடையில்லாமல் வெளிச்சம் வந்திருந்தால் அந்த வெளிச்சத்தின் மேல் வீட்டுக்காரருக்கு உரிமை வந்துவிடும். உயரமாகக் கட்டி மறைத்தால் வழக்குப் போடலாம். சட்டக் கல்லூரி நண்பனிடம் இதை ஆச்சரியமாகச் சொன்னேன். அவன் கொட்டாவி விட்டுக்கொண்டே, "டேய், நம்ம 1882 ஈஸ்மெண்ட் சட்டத்துலயும் அதே 20 வருஷம்தான்டா, அது முதல்ல வந்ததே சென்னை மாகாணம் மாதிரி சில இடத்துக்குத்தான்" என்றான். வெள்ளைக்காரன் வெளிச்சத்தைக்கூடச் சட்டம் போட்டுக் கொண்டுவந்திருக்கிறான் பாருங்கள்.

இத்தனை தொல்லை எதற்கு, பேசாமல் இடம் மாறிவிடலாம் என்று கிளப் முடிவு செய்தது. 2002ல் ஸ்டான்லி பார்க்கில் புது மைதானம் என்று அறிவிப்பு. 2004ல் அனுமதி. 2007 பிப்ரவரியில் டாம் ஹிக்ஸ், ஜார்ஜ் ஜில்லட் என்று இரண்டு அமெரிக்கர்கள் கிளப்பை வாங்கினார்கள். இன்னும் 60 நாளில் மண்வெட்டி தரையில் இறங்கும் என்று பத்திரிகையாளர்களிடம் சொன்னார் ஜில்லட். டல்லாஸ் கம்பெனி ஒன்று கண்ணாடியும் வளைவுமாக அட்டகாசமான டிசைன் போட்டுக் கொடுத்தது. அந்தப் படத்தை ரசிகர்கள் கம்ப்யூட்டரில் வால்பேப்பராக வைத்துக்கொண்டதுதான் மிச்சம். 60 நாள் ஆயிற்று, 600 நாள் ஆயிற்று, மண்வெட்டி இறங்கவே இல்லை. கிளப்பை வாங்கியதே கடனில். அந்தக் கடனின் வட்டிச் சுமை கிளப் தலையில். 2008ல் உலகமே கடனுக்கு அலைந்தபோது இவர்களுக்கு யார் மைதானம் கட்டக் கடன் தருவார்கள்? 2010 அக்டோபரில் கோர்ட், கேஸ் என்று பெரிய நாடகம் நடந்து, 30 கோடி பவுண்டுக்குக் கிளப் கை மாறியது. வாங்கியவர்கள் பாஸ்டன் ஆட்கள். இன்று அவர்கள் பெயர் ஃபென்வே ஸ்போர்ட்ஸ் குரூப். கட்டாத மைதானத்தின் டிசைனுக்கும் ஆலோசனைக்கும் ஆன கோடிக்கணக்கான பவுண்டை கணக்குப் புத்தகத்தில் நட்டம் என்று எழுதி மூடினார்கள். ஒரு செங்கல்கூட வைக்காத ஸ்டேடியத்துக்கு!

இப்போதுதான் காஸ்ட் அக்கவுண்டிங். 60,000 பேருக்குப் புது மைதானம் கட்டினால் 60,000 நாற்காலிக்கும் செலவு செய்ய வேண்டும். ஆனால் கூடுதலாகக் கிடைப்பது எத்தனை? பழைய 45,000 நாற்காலி ஏற்கெனவே சம்பாதித்துக்கொண்டுதானே இருக்கிறது. ஆக, கூடுதல் 15,000 மட்டும்தான். புது மைதானத்துக்கு 30 கோடி பவுண்டு என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். ஒரு கூடுதல் நாற்காலிக்கு 20,000 பவுண்டு விழுகிறது. அதுவே மெயின் ஸ்டாண்டை மட்டும் பின்னால் தள்ளி உயர்த்தினால்? செலவு சுமார் 11.5 கோடி பவுண்டு, கூடுதலாக 8,500 நாற்காலி. வகுத்துப் பாருங்கள், ஒன்றுக்கு சுமார் 13,500 பவுண்டு. மார்ஜினல் காஸ்டிங் வகுப்பில் தூங்காமல் இருந்த எவனும் இரண்டாவதைத்தான் எடுப்பான். ஃபென்வேயும் ஏறக்குறைய இதே வாதத்தை வைத்து, ஆன்ஃபீல்டிலேயே இருக்கிறோம் என்று 2012 அக்டோபரில் அறிவித்தது.

கட்டிய விதமும் அழகு. 2014 டிசம்பரில் வேலை ஆரம்பித்தது. பழைய ஸ்டாண்டில் ஆட்கள் உட்கார்ந்திருக்கும்போதே அதன் பின்னால் புது இரும்புக் கூடு எழுந்தது. கூரையைத் தாங்கும் ஒரு உத்தரம் மட்டும் 650 டன். அந்த வருடம் டிவியில் ஆட்டம் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும், பந்து வெளியே போனால் கேமராவில் கிரேன் தெரியும். 2016 செப்டம்பர் 10, லெஸ்டருக்கு எதிராக முதல் ஆட்டம், 4-1. ஹாஸ்டல் டிவி ரூமில் எல்லோரும் கோலைப் பார்க்க, நான் மூன்று அடுக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று பெருமையாகச் சொல்ல ஆசைதான். அப்போது நான் பள்ளிக்கூடப் பையன், மறுநாள் ஹைலைட்ஸ்தான் பார்த்தேன்.

காசு விஷயத்திலும் கணக்கு தப்பவில்லை. 2015-16ல் ஆட்ட நாள் வருமானம் 6.2 கோடி பவுண்டு. அந்த வருடம் யூரோப்பா லீக் ஃபைனல் வரை போன வருடம், அதாவது சொந்த மைதானத்தில் ஆட்டங்கள் அதிகம். அடுத்த வருடம் ஐரோப்பியப் போட்டி எதுவுமே இல்லை. ஆனாலும் 7.4 கோடி. ஆட்டங்கள் குறைந்தும் வருமானம் ஏறியது. 2023-24ல் இந்தத் தலைப்பு 10 கோடியைத் தாண்டிவிட்டது. கட்டும் பணத்தில் பெரும்பகுதியை, சுமார் 11 கோடி பவுண்டை, ஃபென்வேயே குறைந்த வட்டிக்குக் கிளப்புக்குக் கடனாகக் கொடுத்தது. முந்தைய முதலாளிகள் கிளப்பின் தலையில் கடனை ஏற்றினார்கள், இவர்கள் கட்டடத்துக்குக் கடன் கொடுத்தார்கள். இரண்டும் பேலன்ஸ் ஷீட்டில் 'கடன்' என்ற ஒரே சொல்தான், ஆனால் ஏணி வைத்தாலும் எட்டாது.

செமினாரில் இதோடு நிறுத்தினேன். மேடம் 'வெரி குட்' சொன்னார். இனிமேல் சொல்வதுதான் நான் சொல்ல வந்தது.

அந்த 13,500 பவுண்டு ஏன் அவ்வளவு மலிவு? மெயின் ஸ்டாண்டுக்குப் பின்னால் லோத்தேர் ரோடு என்று ஒரு தெரு. 1990களிலிருந்தே கிளப் அந்தப் பக்கத்து வீடுகளை ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டே வந்தது. வாங்கி என்ன செய்தது? ஒன்றும் செய்யவில்லை. வாடகைக்கு விடவில்லை, இடிக்கவில்லை. சன்னலுக்கும் கதவுக்கும் தகரம் அடித்துப் பூட்டிவைத்தது. 2013ல் கார்டியன் பத்திரிகையில் டேவிட் கான் இதை விரிவாக எழுதியிருக்கிறார். படித்தால் வயிற்றைப் பிசையும்.

யோசித்துப் பாருங்கள். சுவரோடு சுவர் ஒட்டிய வீடு. பக்கத்து வீடு காலி, தகரம் அடித்திருக்கிறது. மழைத்தண்ணீர் அந்த வீட்டில் இறங்கினால் ஈரம் உங்கள் சுவரில். எலி வந்தால் உங்கள் அடுப்படியில். ராத்திரி யாராவது உள்ளே புகுந்து தீ வைத்தால்? நாலு வீடு இப்படி ஆனதும் ஐந்தாவது வீட்டின் விலை விழுகிறது. விலை விழுந்ததும் விற்றுவிட்டுப் போகலாம் என்று தோன்றும். யாருக்கு விற்பது? அந்தத் தெருவில் வீடு வாங்க வேறு யார் வருவார்கள்? அதே கிளப்தான். வாங்குபவர் ஒரே ஆள், அந்த ஆளே சரக்கின் விலையை இறக்குகிறார். சந்தையில் வாங்குபவன் ஒருவன் மட்டும் இருந்தால் என்ன நடக்கும் என்று எகனாமிக்ஸில் ஒரு வரைபடம் போட்டுக் காட்டுவார்கள். அந்த வரைபடத்தில் சுவர் ஈரம் தெரியாது.

ஸ்டான்லி பார்க்குக்குப் போகிறோம் என்று 2002லேயே சொல்லிவிட்டதால் இன்னும் கொடுமை. போவதென்றால் இந்த வீடுகள் தேவையில்லை, திருத்திக் குடிவையுங்கள். இருப்பதென்றால் சட்டென்று நல்ல விலை கொடுத்து எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் இல்லாமல் பத்து ஆண்டு தெரு தொங்கியது. கிளப் இரண்டு கதவையும் திறந்து வைத்துக்கொண்டது. எந்தப் பக்கம் போவது என்ற முடிவைத் தள்ளிப்போடும் உரிமைக்கு நிதிச் சந்தையில் ஆப்ஷன் என்று பெயர், அதை எழுதிக் கொடுப்பவருக்கு பிரீமியம் கொடுக்க வேண்டும். இங்கே பிரீமியம் கட்டியது கிளப் இல்லை, அங்கே மீதமிருந்த குடும்பங்கள்.

நியாயமாகவும் பேச வேண்டும். அந்தப் பகுதி நலிந்ததற்குக் கிளப் மட்டுமே காரணம் இல்லை. லிவர்பூல் துறைமுக நகரம். துறைமுக வேலை போனதும் நகரமே காலியானது. 1930களில் எட்டரை லட்சம் பேர் வாழ்ந்த ஊர், 2001ல் கிட்டத்தட்ட அதில் பாதி. 2002ல் ஆரம்பித்த அரசாங்கத்தின் வீட்டுச் சந்தைப் புதுப்பிப்புத் திட்டமும் பழைய வீடுகளைக் காலி செய்து இடித்தது, பாதியில் 2011ல் நின்றும் போனது. நகராட்சியும் வீட்டு வாரிய அமைப்பும் கிளப்பும் சேர்ந்துதான் 2013ல் பெரிய புனரமைப்புத் திட்டம் போட்டார்கள். கடைசி வீடுகளை வாங்கினார்கள், தராவிட்டால் கட்டாயக் கையகப்படுத்தல் என்று கத்தி தொங்கியது. சிலர் நல்ல விலை கேட்டு நின்றார்கள். பேராசை என்று இணையத்தில் அவர்களைத் திட்டிய லிவர்பூல் ரசிகர்கள் உண்டு. திட்டியவர்களில் பாதிப் பேர் என் மாதிரி ஆன்ஃபீல்டை டிவியில் மட்டும் பார்த்தவர்களாக இருப்பார்கள் என்பது என் சந்தேகம். பத்து ஆண்டாகத் தன் வீட்டு விலை கண் முன்னால் கரைவதைப் பார்த்தவர், கரைவதற்கு முந்தைய விலையைக் கேட்டால் அதற்குப் பெயர் பேராசையா?

இப்போது அந்தப் பக்கம் அகன்ற திறந்தவெளி. சுத்தமான கல் தரை, மரங்கள், ஆட்ட நாளில் பாட்டு. ஹில்ஸ்பரோ நினைவுச் சின்னம் மெயின் ஸ்டாண்டில் இருக்கிறது. போட்டோவில் பார்க்க நிஜமாகவே நன்றாக இருக்கிறது. அதை மறுத்தால் பொய்.

அப்புறம் அந்த 8,500 நாற்காலியில் யார் உட்காருகிறார்கள் என்று ஒரு கேள்வி. ஒரு நல்ல பகுதி ஹாஸ்பிடாலிட்டி. சாப்பாடு, பானம், மெத்தை சீட் எல்லாம் சேர்த்து விற்கிற டிக்கெட். புது ஸ்டாண்டு முடிவதற்கு முன்பே 2016 பிப்ரவரியில் அடுத்த சீசனுக்கு அதிகபட்ச சாதா டிக்கெட் 77 பவுண்டு என்று கிளப் அறிவித்தது. அதற்கு முன் அதிகபட்சம் 59. பிப்ரவரி 6, சண்டர்லேண்டோடு ஆட்டம். லிவர்பூல் 2-0 என்று முன்னால் இருக்கிறது. 77வது நிமிடம். சுமார் 10,000 பேர் எழுந்து வெளியே நடந்தார்கள். ஜெயித்துக்கொண்டிருக்கும் ஆட்டத்தை விட்டு! அவர்கள் போன பிறகு சண்டர்லேண்டு இரண்டு கோல் போட்டு 2-2. நாலே நாளில் முதலாளிகள் மன்னிப்புக் கேட்டு 59லேயே நிறுத்தினார்கள். கணக்குப் போடும்போது தேவை வளைகோடு என்று ஒன்றை வரைவோமே, அது ஒருநாள் எழுந்து நின்று நடந்து காட்டியது.

இந்த இடத்தில்தான் எனக்கு நெருடியது. நான் உள்ளூர்க்காரன் இல்லை. வேலைக்குப் போய் நாலு காசு சேர்த்து ஒரே ஒரு தடவை ஆன்ஃபீல்டு போக வேண்டும் என்பது என் கனவு. என்னைப் போல வெளிநாட்டிலிருந்து ஒரு தடவை வருகிறவனுக்கு சாதா டிக்கெட் கிடைப்பது குதிரைக்கொம்பு. சுலபமாகக் கிடைப்பது ஹாஸ்பிடாலிட்டி பேக்கேஜ்தான். அதாவது அந்த ஸ்டாண்டை என்னை மனதில் வைத்துத்தான் பெரிதாக்கியிருக்கிறார்கள்! வாரா வாரம் வருகிறவர் ஸ்கார்ஃபை வீட்டிலிருந்தே போட்டுக்கொண்டு வருவார், உள்ளே டீயோடு முடித்துக்கொள்வார். நான் போனால் டூர், மியூசியம், ஜெர்சி, நண்பர்களுக்குச் சாவிக்கொத்து என்று ஒரே நாளில் அவருடைய ஒரு சீசன் செலவில் பாதியைக் கொட்டிவிட்டு வருவேன். கணக்குப்படி நான்தான் நல்ல வாடிக்கையாளர். லோத்தேர் ரோட்டுக்காரர் வீட்டை இடித்து எனக்கு நாற்காலி போட்டிருக்கிறார்கள். சென்னையில் உட்கார்ந்துகொண்டு முதலாளித்துவம் ஒழிக என்று எழுதிவிட்டுப் போவது சுலபம். ஆனால் டிக்கெட் கிடைத்தால் போவேனா என்றால், சத்தியமாகப் போவேன்.

இரண்டாவது கட்டம் ஆன்ஃபீல்டு ரோடு ஸ்டாண்டு. 2021 செப்டம்பரில் யூர்கன் க்ளோப் மண்வெட்டியோடு நின்று ஆரம்பித்து வைத்தார் (ஜில்லட் சார், பார்த்தீர்களா, மண்வெட்டி இப்படித்தான் இறங்கும்). 8 கோடி பவுண்டு, 7,000 நாற்காலி. 2023 ஆகஸ்டில் முடிய வேண்டியது. அதே ஆகஸ்டில் கட்டிக்கொண்டிருந்த பக்கிங்ஹாம் குரூப் கையை விரித்துவிட்டது. அடுத்த மாதம் திவால் நிர்வாகத்துக்குப் போனது. விளையாட்டரங்கக் காண்ட்ராக்டுகளில் வந்த நட்டமே முக்கியக் காரணமாம். வேறு கம்பெனி வந்து தொடர்ந்தது. 2023 டிசம்பரில் மேல் அடுக்கின் ஒரு பகுதி மட்டும் திறந்து, 2024ல்தான் முழுதாக முடிந்தது. இதில் வேடிக்கை, மெயின் ஸ்டாண்டைக் கட்டிய கரில்லியன் கம்பெனியும் 2018 ஜனவரியில் திவால். அது போனதற்குக் காரணங்கள் வேறு, ஆன்ஃபீல்டு இல்லை. ஆனாலும் எங்கள் மைதானத்துக்கு காண்ட்ராக்ட் எடுப்பவர்கள் ஜாதகம் பார்த்துக்கொள்வது நல்லது. இப்போது கொள்ளளவு 61,000க்குக் கொஞ்சம் மேல். 1952ல் நெருக்கிக்கொண்டு நின்றவர்களின் எண்ணிக்கையை, உட்காரவைத்து கிட்டத்தட்ட எட்டிப் பிடிக்க எழுபது வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

பார்க்குக்கு அந்தப் பக்கம் இருந்த எவர்ட்டன் எதிர்வழி போனது. குடிசன் பார்க்கைச் சுற்றியும் வீடுகள், பள்ளிக்கூடம், மூலையில் ஒரு சர்ச் வேறு. அவர்களுக்கு நகர வழியே இல்லை. ஆற்றங்கரையில் பிராம்லி-மூர் கப்பல்துறையில் 52,000 பேருக்கு மேல் அமரும் புது மைதானம் கட்டி, 2025 ஆகஸ்டில் குடிபுகுந்தார்கள். செலவு 75 கோடி பவுண்டுக்கு மேல் என்கிறார்கள். பழையதில் 39,000 நாற்காலி. வகுத்துப் பாருங்கள், நான் சொல்லமாட்டேன், எவர்ட்டன் நண்பன் ஒருவன் இதைப் படிப்பான். யாருடைய வீட்டுக்கும் தகரம் அடிக்கவில்லை, அது உண்மை. ஆனால் துறையை நிரப்பிக் கட்ட அனுமதி கொடுத்ததும் ஒரு காரணமாகி, 2021ல் லிவர்பூல் நகரம் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. கடனும் கழுத்தை நெரித்தது. 2023 நவம்பரில் நட்ட வரம்பைத் தாண்டியதற்கு எவர்ட்டனுக்கு 10 புள்ளிகள் வெட்டினார்கள், அப்பீலில் அது 6 ஆனது. அந்த வழக்கில் ஒரு முக்கியச் சண்டை எதைப் பற்றித் தெரியுமா? கடன் வட்டியை மைதானத்தின் விலையோடு சேர்த்து எழுதலாமா, அல்லது அந்த வருடச் செலவா என்று! நாம் ஏ.எஸ். 16 என்று தூங்கி வழிந்துகொண்டே படித்தோமே, அதே விஷயம். மைதானம் கட்டும் செலவை விதிப்படி நட்டக் கணக்கிலிருந்து கழித்துக்கொள்ளலாம். அதனால் வட்டியையும் அதில் சேர்க்கப் பார்த்தார்கள். கடன் ஒப்பந்தத்தில் அது மைதானத்துக்கு என்று இல்லையே என்று கமிஷன் ஒத்துக்கொள்ளவில்லை. அடுத்த தடவை பெஞ்சில் தலை சாய்க்கும்போது 6 புள்ளியை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆன்ஃபீல்டு இன்னும் பெரிதாகுமா என்று கேட்கிறார்கள். கொப்புக்குப் பின்னால் வால்டன் பிரெக் ரோடு ஓடுகிறது, அங்கே இடமில்லை. மெயின் ஸ்டாண்டும் ஆன்ஃபீல்டு ரோடு ஸ்டாண்டும் முடிந்தாயிற்று. மிச்சம் டால்கிளிஷ் ஸ்டாண்டு, அந்த இரண்டு சகோதரிகள் பத்து ஆண்டு பிடித்து நிறுத்திய பக்கம். அதை உயர்த்த வேண்டுமானால் பின்னால் ஸ்கெரீஸ் ரோடு இருக்கிறது. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள், சன்னல்கள், உள்ளே ஆட்கள். 20 ஆண்டுக்கு மேலாகவே அந்தச் சன்னல்களில் வெளிச்சம் வந்துகொண்டிருக்கிறது.